பால் குடிக்காத பாம்பு

1

இந்த வருஷம் நாகசதுர்த்திக்கு அண்ணனுக்குக் கடிதம் போடவில்லை. அமெரிக்கா வந்த எட்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. வழக்கமாகப் புரட்டாசி பிறந்ததும் ஓர் ஏரோகிராம் வாங்கி, ‘அண்ணா, தீபாவளி கழிந்து நாலாம் நாள் நாகமணி பெயரில் புற்றுக்குப் பால் ஊற்ற மறந்துவிடாதீர்கள்’ என்று எழுதிப் போடுவேன். மார்கழிக்குள் பதில் வரும். மழை பெய்ததா, யாருக்குக் கல்யாணம், எந்த மில்லில் கதவடைப்பு என்று ஒவ்வொரு வருஷமும் சேதி மாறும். கடைசி வரி மட்டும் மாறாது: ‘நாகமணிக்குப் பால் ஊற்றியாகிவிட்டது.’ அந்த வரியைப் படித்தால்தான் எனக்கு அந்த வருஷம் ஒழுங்காக முடிந்த மாதிரி இருக்கும்.

இந்த முறை வாங்கிய ஏரோகிராம் எழுதாமலே மேஜை டிராயரில் கிடக்கிறது. நாகசதுர்த்தி அன்று நான் செய்த காரியம் வேறு. ஃப்ரீசரில் இட்லி மாவு டப்பாவுக்குப் பின்னால் இருந்த பொட்டலத்திலிருந்து உறைந்த சுண்டெலி ஒன்றை எடுத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, விறைப்பு விடும்வரை அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். கோயமுத்தூரில் காபியோடு உட்கார்ந்து இதைப் படிப்பவர்கள் தம்ளரைக் கீழே வைத்துவிட வேண்டாம். எலி எனக்கில்லை. பாம்புக்கு.

ஓஹாயோ மாநிலத்தில் ஒரு பம்பு கம்பெனியில் வார்ப்படங்களில் ஓட்டை உடைசல் பார்க்கும் வேலை எனக்கு. பீளமேட்டில் செய்த அதே வேலைதான். மூடிய இரும்புக்குள் இருக்கும் குமிழியைத் தட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று இங்கே எனக்குப் பெயர். அப்பேர்ப்பட்ட என் தலையில் எல்லோரும் சேர்ந்து மிளகாய் அரைத்த கதையைத்தான் எழுதப் போகிறேன்.

2

சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் ஒரு புற்று இருந்தது. எனக்கும் சரோஜாவுக்கும் கல்யாணமாகி ஐந்து வருஷம் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரிகள் எல்லாம் அலைந்து முடித்தபின், சரோஜா ஒரு மண்டலம் அந்தப் புற்றுக்குப் பால் ஊற்றினாள். அடுத்த வருஷம் பெண் பிறந்தது. நாகமணி என்று பெயர் வைத்தோம். டாக்டரம்மா மாத்திரையால்தான் பிறந்தது என்று சொல்பவர்கள் சொல்லட்டும், நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் எனக்குள்ளே அந்தப் பெண்ணைக் கொடுத்தது அந்தப் புற்றுதான். அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

இரண்டு வயதில் இங்கே தூக்கிவந்தோம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் ‘நாகா மேனி’ என்றார். பிள்ளைகள் அதைச் சுருக்கி ‘நேக்’ ஆக்கினார்கள். நேக் என்றால் ஆங்கிலத்தில் ஓயாமல் நச்சரிப்பது. எட்டு வயதில் ஒருநாள் அழுதுகொண்டே வந்து, “ஏன் எனக்கு நச்சுனு பேர் வெச்சே?” என்று கேட்டாள்.

ஆம், ‘வெச்சே’. என் பெண் எனக்கு ‘ங்க’ போடமாட்டாள். அம்மாவுக்கும் நீ, அப்பாவுக்கும் நீ, போனில் பெரியப்பாவுக்கும் “நீ சாப்ட்டியா?” தான். தெரியாத ஆளையும் “ஏனுங்க” என்று கூப்பிட்டு, பஸ் கண்டக்டரிடம் “சில்லறை இல்லீங்க” என்று கெஞ்சும் ஊரில் பிறந்தவள். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே ‘யூ’தான், தமிழில் எதற்கு இரண்டு என்று அவளுக்குப் புரியவில்லை. திருத்தித் திருத்திச் சலித்துவிட்டேன்.

அன்றைக்கு அவளை மடியில் உட்காரவைத்துப் புற்றின் கதையைச் சொன்னேன். உன் பேருக்கு அர்த்தம் நச்சரிப்பு இல்லை அம்மணி, நாகம் என்றேன். எங்கள் ஊரில் பாம்பைக் கண்டால் எப்படிப் பேசுவோம் என்றும் சொன்னேன். தடியை எடுக்கமாட்டோம். தள்ளி நின்று கும்பிட்டு, “போயிருங்க சாமி. உங்கள ஆரும் ஒண்ணும் பண்ணமாட்டமுங்க. போயிருங்க” என்போம். அதுவும் போய்விடும்.

அவள் அழுகை நின்றுவிட்டது. “பாம்புக்கு ‘ங்க’ போடுவீங்களா எல்லாரும்?”

“ஆமா. பாம்புக்குக் கோவம் வந்தாக் கடிச்சுப்போடுமல்ல? அதனால மரியாதையாப் பேசோணும்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னேன் என்று இப்போது நினைத்தாலும் என்னையே ஒரு குத்து விடலாம் போலிருக்கிறது.

அதற்குப்பின் இரண்டு மாதம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் மெதுவாகச் சொன்னாள்: “அப்பா, எனக்கு ஒரு பாம்பு வேணும். வீட்ல வெச்சுக்க.”

3

இங்கே பாம்பு வளர்ப்பது குற்றமில்லை. கடையில் விற்கிறார்கள். அதற்குமுன் எங்கள் அடுக்கு வீட்டு ஆபீசில் ஒரு பாரம் பூர்த்தி செய்ய வேண்டும். இனம் என்ன, எடை எவ்வளவு, குரைக்குமா, இதுவரை யாரையாவது கடித்திருக்கிறதா? குரைக்காது என்று தைரியமாக எழுதினேன். கடித்திருக்கிறதா என்ற கேள்வியில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. நாய்க்கும் பூனைக்கும்தான் தடை, கண்ணாடித் தொட்டிக்குள் இருப்பதற்குத் தடை இல்லை என்று ஆபீஸ் அம்மாள் முத்திரை குத்திக் கொடுத்தார்.

சரோஜா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “சாமிய வெச்சுக்கறது வேண்டாம்னு சொல்லலீங்க. ஆனா எலி, கிலின்னு என்ற ஃப்ரிட்ஜுக்குள்ள ஒண்ணும் வரப்படாது.”

கடைக்காரி பெக்கிக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குத்தி போட்டிருந்தார். கழுத்தில் மஃப்ளர் மாதிரி ஒரு மலைப்பாம்பு தொங்கியது. முதல் பாம்பு வாங்குகிறவர்களுக்கு அவர் ஒரு பாடமே வைத்திருந்தார். காட்டில் பிடித்தது வேண்டாம், கூண்டில் பிறந்ததாக இருக்க வேண்டும், மனுஷர் கை அதற்குப் பழகியிருக்கும். முழுசாக வளர்ந்தாலும் ஒரு குழந்தை தூக்கும் அளவில் இருக்க வேண்டும். முக்கியமாக, ஒழுங்காகத் தின்ன வேண்டும். கடையிலேயே அது இரை எடுப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்றார். பெண் பார்க்கப் போனபோதுகூட என்னிடம் யாரும் இவ்வளவு விவரம் சொன்னதில்லை.

கார்ட்டர் என்று ஒரு வகை, விலை குறைவு, பயந்தால் கையிலேயே நாற்றமடித்துவிடும். பந்துபோலச் சுருண்டுகொள்ளும் மலைப்பாம்பு பரம சாது, ஆனால் கோபித்துக்கொண்டு மாதக்கணக்கில் சாப்பிடாது, வளர்ப்பவர்தான் பைத்தியமாவார். “இதை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சோளப்பாம்பு ஒன்றை நாகமணி கையில் கொடுத்தார். செங்கல் நிறம். அவள் விரல்களுக்கு நடுவே நிதானமாகப் போய்வந்தது. தொட்டியில் விட்டால் வேளாவேளைக்குச் சாப்பிடும், கடிக்காது, கோபமே வராது. முதல் பாம்பு என்றால் இதுதான் என்று பெக்கி சத்தியம் செய்யாத குறை. என் பெண் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அங்கேதான் என் கண்ணில் அந்தச் சீட்டு பட்டது. பக்கத்துத் தொட்டி. சிவப்பும் கறுப்பும் வெள்ளையுமாக வளையம் வளையமாக ஒரு குட்டி. சீட்டில் ‘மில்க் ஸ்நேக்’ என்று எழுதியிருந்தது.

“சரோஜா, இங்க பாரு. பேர்லயே பால் இருக்குது.”

“எலி திங்காதுங்களா?”

“பால் பாம்பு எதுக்கு எலி திங்குது?”

பெக்கி குறுக்கே வந்து, இந்தக் குட்டி கூச்ச சுபாவம், கையில் நிற்காது, பெண் தூக்கிக் கொஞ்ச ஆசைப்பட்டால் சோளப்பாம்புதான் சரி என்றார். நான் கேட்கவில்லை. சோளத்துக்கும் எங்கள் குடும்பத்துக்கும் என்ன நேர்த்திக்கடன்? பாலுக்கு இருக்கிறது. எவ்வளவு பால் குடிக்கும் என்று கேட்டால் பட்டிக்காட்டான் என்று நினைப்பாரோ என்று அதையும் கேட்கவில்லை. நாகமணி நூலகத்திலிருந்து பாம்புப் புத்தகங்களாகக் கொண்டுவந்து ஒரு மாதம் படித்திருந்தாள். அவள் பெக்கியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையிலிருந்ததைத் தொட்டிக்குள் மெதுவாக இறக்கிவிட்டாள். “சரி, உனக்குப் பிடிச்சதே வாங்கு” என்றாள்.

பெட்டியில் போட்டு வாங்கியபின் பெக்கி ஒரு பொட்டலம் நீட்டினார். உறைந்த சுண்டெலிக் குஞ்சுகள். இது எதற்கு, இது பால் பாம்பல்லவா என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் கழுத்திலிருந்த மலைப்பாம்பு ஆடியது. இங்கத்துப் பழைய விவசாயிகள், மாடு கறக்காவிட்டால் தொழுவத்தில் பார்த்த இந்தப் பாம்பின்மேல் பழியைப் போட்டார்களாம், மடியில் வாய்வைத்துக் குடித்துவிட்டது என்று. அது வந்தது எலிக்காம். எந்தப் பாம்பும் பால் குடிக்காது என்றார்.

எங்கள் பக்கம் சாரைப்பாம்பைப் பற்றி இதே கதையை இதே மாதிரிச் சொல்வார்கள். பூமிக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் ஒரே புளுகு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெயரை நம்பி மோசம்போன மாதிரி இருந்தது. சரோஜா காரில் ஏறியதிலிருந்து வீடு வரும்வரை என்னோடு பேசவில்லை.

4

பாம்புக்குச் சாமி என்றே பெயர் வைத்தோம். பெக்கி சொன்னது அத்தனையும் பலித்தது. தொட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும், பிடித்தால் கெட்ட வாடை அடிக்கும், முக்கால்வாசி நேரம் மரப்பட்டைக்கு அடியில் ஒளிந்திருக்கும். கொஞ்ச முடியாத ஒரு செல்லப்பிராணியை என் பெண்ணுக்கு வாங்கிக் கொடுத்திருந்தேன்.

அவள் ஒருநாளும் குறை சொல்லவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தொட்டிக்கு முன்னால் முழங்காலிட்டு, “சாமி, வெளிய வாங்க. சாப்பிடுங்க. தண்ணி மாத்தியிருக்கேன், குடிங்க” என்பாள். கணீரென்று, ஒரு ‘ங்க’ தப்பாமல். இந்தப்பக்கம் திரும்பி, “அப்பா, நீ கொஞ்சம் தள்ளு, வெளிச்சம் மறைக்குது” என்பாள். எங்கள் வீட்டில் மரியாதை கிடைத்த ஒரே ஜீவன் அந்தத் தொட்டிக்குள் இருந்தது.

சரோஜா மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. நாலாவது வாரம், எலியைச் சரியாக வெதுப்பத் தெரியவில்லை, உள்ளே இன்னும் பனிக்கட்டியாக இருக்கிறது, சாமிக்கு வயிறு என்னத்துக்கு ஆகும் என்று என்னைத் திட்டிவிட்டு இடுக்கியைப் பிடுங்கிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மட்டும் அவள் செய்யமாட்டாள், அன்றைக்கு என் முறை. இந்த வருஷம் நாகசதுர்த்தியும் வெள்ளிக்கிழமையாகப் போனது.

எனக்கு ஒரே ஆறுதல் ஊரில் இருந்தது. இது குடிக்காவிட்டால் போகட்டும். அங்கே அண்ணன் ஊற்றுகிறார். இங்கே நடப்பதெல்லாம் விளையாட்டு, நிஜம் சிங்காநல்லூரில் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அயல்நாட்டில் வாழ்பவன் எவனைக் கேட்டாலும் இப்படி ஒன்றை ஊரில் வைத்திருப்பான்.

5

இந்த வருஷம் ஆவணி கடைசியில், சாமி வந்து இரண்டு வருஷம் ஆகப்போகும் சமயம், எங்கள் ஊர்த் தெருக்காரர் துரை அண்ணன், தன் மகனைப் பார்க்க மிச்சிகன் வந்தவர், எங்களையும் எட்டிப் பார்க்க வந்தார். ஒரு வீடியோ கேசட் கொண்டுவந்திருந்தார். இந்தியக் கேசட் இங்கத்துப் பெட்டியில் ஓடாது என்று மகனிடம் சொல்லி மாற்றி எடுத்து வந்திருந்தார். அவ்வளவு அக்கறை.

“என்ன கேசட்டுங்ணா?”

“உங்க அண்ணன் ஊட்டு விசேசந்தானுங்க தம்பி. தை மாசம் பால் காய்ச்சுனாங்களே. பந்தலுக்கே நாந்தானுங்க ஆள் சொல்லி உட்டேன்.”

“எந்த ஊட்டுக்கு?”

துரை அண்ணன் சரோஜாவைப் பார்த்தார். கையிலிருந்த காபியைப் பார்த்தார். “உங்களுக்குத் தெரியாதுங்களா?” என்று இறங்கிய குரலில் கேட்டார்.

போட்டுப் பார்த்தோம். வாழைமரம் கட்டிய வாசல். பசுமாட்டை உள்ளே ஓட்டி வருகிறார்கள். அண்ணி பட்டுச் சேலையில். புது அடுப்பில் பித்தளைச் செம்பு. பால் பொங்கி வழிகிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள். கேமராக்காரன் பாலை விட்டு மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்பினான். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். துணி காயப்போடும் கம்பி கட்ட அப்பா அடித்த இரும்பு வளையம் அதில் அப்படியே இருந்தது. எங்கள் மரம். மரத்துக்கு இந்தப்பக்கம், இரண்டடி தள்ளி, புற்று இருந்த இடத்தில் சமையலறைச் சுவர்.

ரிமோட்டை அழுத்தி நிறுத்தினேன். பின்னால் ஓட்டி மறுபடியும் பார்த்தேன். நாலு தடவை பால் பொங்கியது. துரை அண்ணன் எழுந்து பாத்ரூம் எங்கே என்று கேட்டார்.

அப்புறம்தான் எனக்கு அந்த ‘பவர்’ ஞாபகம் வந்தது. இரண்டரை வருஷத்துக்கு முன் அண்ணன் எழுதியிருந்தார்: ‘ஈ.பி. லைன் பேர் மாற்ற வேண்டும், வீட்டு வரிக்கும் உன் கையெழுத்து கேட்கிறார்கள், என்னால் அலைய முடியவில்லை. ஒரு பவர் எழுதி அனுப்பு தம்பி.’ ஆறு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு நம் நாட்டுத் தூதரக அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலில் இருந்தவர் பாஸ்போர்ட்டையும் கையெழுத்தையும் ஒத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். ஊரில் வெறும் இனிஷியலாக இருந்த அப்பா பெயர், பாஸ்போர்ட்டில் முழுசாக நீண்டு என் குடும்பப் பெயர் ஆகியிருக்கிறது. இங்கே எல்லோரும் என்னை மிஸ்டர் வெங்கடசாமி என்று அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அதன்படியே கையெழுத்துப் போட வேண்டும் என்றார். வெளியே போய்ப் புதுப் பத்திரம் டைப் அடித்து, மறுபடி வரிசையில் நின்று, ‘வெங்கடசாமி’ என்று போட்டேன். அப்பா விட்டுப்போன இடத்தை அப்பா பெயராலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். என்ன எழுதியிருந்தது என்று நான் முழுசாகப் படிக்கவில்லை. கூடப்பிறந்தவன் அனுப்பிய வாசகத்தை யார் வரி வரியாகப் படிக்கிறார்கள்?

இடம் போனதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். ‘நாகமணிக்குப் பால் ஊற்றியாகிவிட்டது’ என்று எழுதிய அந்தக் கைதான் என்னைக் குத்தியது.

6

மறுநாள் காலையில் போன் போட்டேன். ஊரில் அப்போது சாயங்காலம்.

“சொல்லு சாமி, நல்லாருக்கறயா? பாப்பா நல்லாருக்குதா?”

“புத்து எங்கீங்ணா?”



“துரை வந்தானாக்கும்” என்றார்.

“எப்ப இடிச்சீங்க?”

“ரண்டு வருசம் ஆச்சு. உன்றகிட்டச் சொல்லலாம்னுதான் இருந்தேன் தம்பி. நீ வெசனப்படுவீன்னு உட்டுப்போட்டேன். தூரத்துல இருக்கறவன வெசனப்பட வெச்சு என்ன ஆகப்போகுது?”

“அப்பொறம் பால் ஊத்தியாச்சு, ஊத்தியாச்சுன்னு எழுதுனீங்களே. எதுலீங்ணா ஊத்துனீங்க?”

“பொய் எழுதுல. சாமி மேல ஆணையா ஊத்துனோம். மொத வருசம் அஸ்திவாரத்துக்குத் தோண்டுன கடக்கால் குழியில ஊத்துனோம். போன வருசம் சிங்க்குல.”

“சிங்க்குலயா!”

“அதே எடம் தம்பி. அளந்து பாத்தா ஒரு சாண் தள்ளாது. புத்து இருந்த எடத்துலதான் சிங்க்கு வந்துருக்குது. உன்ற அண்ணி மஞ்சத்துணி விரிச்சு, வெளக்கு வெச்சுத்தான் ஊத்துனா.”

என் பெண்ணுக்காக ஊற்றிய பால், பாத்திரம் கழுவிய தண்ணீரோடு சிங்காநல்லூர்ச் சாக்கடையில் போயிருக்கிறது. அதைச் சாமி மேல் ஆணையாக என்கிறார்.  “இடிக்கறப்ப உள்ள இருந்தது என்ன ஆச்சுங்ணா? அதையாவது உட்டாங்களா?” என்று கேட்டேன்.

 அண்ணன் குரல் இறங்கியிருந்தது.

“அதுக்குள்ள ஒண்ணுமே இல்ல சாமி. அடிமட்டம் வரைக்கும் வெட்டிப் பாத்துப்போட்டோம். பூரா எலி வங்கு. எலிதான் ஓடுச்சு, கூடை கூடையா. உன்றகிட்ட அதை எப்படிச் சொல்றதுன்னுதான்...”

போனை வைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. சரோஜா நாற்பத்தெட்டு நாள் விரதமிருந்து ஊற்றிய பாலை எலி குடித்திருக்கிறது. அவளிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொண்டால் தெரிந்துகொள்ளட்டும். இந்தக் குடும்பத்தில் இனி நானும் மறைத்துவைக்க ஒன்றும் மிச்சம் இல்லை.

7

அந்த வார வெள்ளிக்கிழமை நாகமணிக்கு வகுப்பில் பேசும் முறை. அவரவர் பெயர் எப்படி வந்தது என்று ஐந்து நிமிஷம் பேச வேண்டும். நச்சரிப்பு என்று கேலி செய்த அதே பிள்ளைகள் முன்னால். இரண்டு வாரமாகத் தயார் செய்துகொண்டிருந்தாள். சாமியைச் சின்னத் தொட்டியில் எடுத்துப்போக டீச்சரிடம் அனுமதிகூட வாங்கிவிட்டாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு புற்று இருக்கிறது, வருஷா வருஷம் என் பெரியப்பா அதற்குப் பால் ஊற்றுகிறார் என்று சொல்வாள். அத்தனை பேர் முன்னாலும் நிமிர்ந்து நின்று பொய் சொல்வாள், அது பொய் என்று தெரியாமலே. சொல்லவிடுவதா, உண்மையைச் சொல்வதா? அண்ணன் செய்ததையே நானும் என் பெண்ணுக்குச் செய்வதா?

வியாழக்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து நேராக அவள் அறைக்குப் போனேன். தொட்டிக்கு முன்னால் முழங்காலிட்டுத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

“அம்மணி, ஊர்ல அந்தப் புத்து...”

“இல்ல. தெரியும்” என்றாள், திரும்பாமலே.

“என்ன தெரியும்?”

“இடிச்சுட்டாங்க. கிச்சன் கட்டிட்டாங்க. தீபா எழுதியிருந்தா.” தீபா அண்ணன் மகள். இரண்டு பேரும் இங்கிலீஷில் கடிதம் எழுதிக்கொள்வார்கள். “நீ எனக்குக் கதை சொன்னேல்ல, அப்போ புத்து போட்டோ அனுப்புன்னு கேட்டேன். இப்போ இல்லைன்னு எழுதினா. அப்பாகிட்டச் சொல்லாதேன்னு பெரியப்பாவும் அடியில எழுதியிருந்தாரு.”

“ரண்டு வருசமாத் தெரியுமா உனக்கு?”

“ம்.”

“நான் ஒவ்வொரு தடவையும் லெட்டர் வந்ததும் உனக்குப் படிச்சுக் காட்டுனேனே. பால் ஊத்தியாச்சுன்னு சிரிச்சுட்டுப் படிப்பனே. நீயும் கேட்டுட்டு உக்காந்திருந்தியே!”

அவள் கிண்ணத்தைத் தொட்டிக்குள் வைத்தாள். பட்டையைச் சரியாக நகர்த்தினாள். “அங்க இல்லைல்ல. அதான் இங்க ஒண்ணு வேணும்னு கேட்டேன்” என்றாள். “உனக்கு.”

எனக்கு. கையில் அடங்கி விளையாடிய சோளப்பாம்பைத் தொட்டிக்குள் இறக்கிவிட்டு ‘உனக்குப் பிடிச்சதே வாங்கு’ என்று சொன்னது அதனால்தான். அது பால் குடிக்காது என்றும் அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது. அண்ணன், அண்ணி, தீபா, தெருக்காரர்கள், என் பெண் என்று எல்லோரும் என்னைச் சுற்றி நின்றுகொண்டு, என் காதில் பூ சுற்றி, நான் சிரிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைகூட என்னிடம் உண்மையைச் சொல்லப் பயப்படும் அளவுக்கு நான் என்ன செய்துவிட்டேன்?

அதைத்தான் கேட்டேன். கேட்டேன் என்று சொல்வது தப்பு, கத்தினேன். என் வாழ்நாளில் அவளிடம் அப்படிக் கத்தியதில்லை. கட்டிலிலிருந்து எழுந்து நின்று, எல்லாரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிவிட்டீர்கள், நீயுமா, நீயுமா என்று சத்தம் போட்டேன். சரோஜா ஓடிவந்து வாசலில் நின்றாள். சாமி பட்டைக்கு அடியில் போய்விட்டது.

நாகமணி அழவில்லை. எழுந்து, சுவரோரம் தள்ளி நின்றுகொண்டாள். இரண்டு கையையும் சேர்த்து நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொண்டாள். பிறகு, எட்டு வருஷமாக நான் ஏங்கிக் கிடந்த அந்த மரியாதையோடு, மெதுவாகச் சொன்னாள்.

“போயிருங்க சாமி. உங்கள ஆரும் ஒண்ணும் பண்ணமாட்டமுங்க. போயிருங்க.”

நான் அறையை விட்டு வெளியே போய்விட்டேன்.